கோலாலம்பூரில் இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே: தவறிய இணைப்பு ஒன்றின் முழுக் கணக்கு

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, அம்மாவுக்கு அறுபத்திரண்டு. திருச்சியில் இருந்து மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்கு முதல் முறையாகப் போகிறார்கள். டிக்கெட்டை மகளே ஒரு பயணத் தளத்தில் போட்டுவிட்டார். திருச்சி–கோலாலம்பூர் ஒரு நிறுவனம், கோலாலம்பூர்–மெல்போர்ன் வேறொரு நிறுவனம். ஒரே தளம், ஒரே முறை பணம் கட்டியது, ஒரே மின்னஞ்சல். ஆனால் அந்த மின்னஞ்சலுக்குள் பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண், இரண்டு. கீழே சிறிய எழுத்தில், பயணி தன் பொறுப்பிலேயே விமானம் மாறிக்கொள்ளவேண்டும் என்று ஒரு வரி.

திருச்சியில் டிக்கெட் போடும் தொழிலில் இருக்கிறேன். இந்தக் குடும்பத்தின் முந்தைய பயணங்கள் சிலவற்றுக்கு நான்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன் என்பதால், ஏப்ரலில் பயணத்தன்று காலை சிக்கல் ஆரம்பித்ததும் மகள் எனக்குப் போன் செய்தார். அன்று நடந்ததை நேரம் நேரமாகக் குறித்து வைத்தேன். இப்படித் தனித்தனி டிக்கெட்டில் அம்மா அப்பாவை அனுப்புகிற பிள்ளைகள் இன்று நிறையப் பேர். என்ன போகும், எது தப்பும் என்பது அவர்களுக்குக் கிளம்பும் முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

டிக்கெட்டில் தெரிந்த ஐந்தரை மணி நேரம்

திருச்சியில் காலை 9.30க்குக் கிளம்பி, மலேசிய நேரம் மாலை 4.00க்கு இறங்கவேண்டும். நம் நேரத்தைவிட மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். மெல்போர்ன் விமானம் இரவு 9.30க்கு. நடுவில் ஐந்தரை மணி நேரம். "அவ்வளவு நேரம் இருக்கே, போதாதா அண்ணா?" என்றுதான் மகளும் கேட்டார். பார்த்தால் போதும் என்றுதான் தோன்றும்.

இந்தக் கணக்கில் இரண்டு முனையுமே தவறு. முதல் விமானம் ஓடுபாதையைத் தொடும் நேரமும் இரண்டாவது விமானம் மேலே எழும் நேரமும் பயணிக்கு உதவாத நேரங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி தானே மாறும், அடுத்த போர்டிங் பாஸ் கையில் இருக்கும், பயணி அடுத்த வாசலுக்கு நடந்தால் போதும். தனித்தனி டிக்கெட்டில் அவர் மலேசியாவுக்குள் நுழையும் பயணி. இமிகிரேஷனில் முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வந்து, புதிதாக ஊருக்குக் கிளம்புகிறவர் போல இன்னொரு கவுண்டரில் போய் நிற்கவேண்டும். அந்தக் கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு மூடும். ஆகவே கடைசி நேரம் இரவு 8.30. ஐந்தரை அங்கேயே நாலரை ஆகிவிட்டது.

அப்புறம் கட்டடம். முன்பதிவுத் தளங்களில் கோலாலம்பூருக்கு கேயூஎல் என்ற ஒரே குறியீடுதான். அதற்குப் பின்னால் தனித்தனியாக இரண்டு டெர்மினல்கள் இருக்கின்றன. விமான நிலையம் இருக்கும் செப்பாங்கில் 1998இல் திறந்தது முதல் டெர்மினல். மலிவுக் கட்டண விமானங்களுக்காக 2014 மே மாதம் திறந்தது இரண்டாவது. 2023 வரை அதற்கு கேஎல்ஐஏ2 என்று பெயர், இன்னும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நம்மவர்கள் இறங்கவேண்டியது இரண்டாவதில், ஏறவேண்டியது முதலாவதில். இரண்டுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது. டிக்கெட் 2 ரிங்கிட், பயணம் 3 நிமிடம். இந்த 3 நிமிடத்தை மட்டும் எங்கோ படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரம், வணிக வளாகத்தைத் தாண்டி நிலையத்துக்குப் பெட்டியோடு நடக்கும் நேரம், முதல் டெர்மினலில் இறங்கி லிஃப்டில் ஐந்தாம் தளத்துப் புறப்பாட்டு மண்டபத்துக்கு ஏறும் நேரம் எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும்.

இதையெல்லாம் கழித்தாலும், விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் மிஞ்சியிருக்கும். திட்டமே மோசம் என்று சொல்லமாட்டேன். தாமதமானால் என்ன செய்வது என்ற கேள்வி அதில் இல்லை என்பதுதான் குறை.

திருச்சியில் காலை

காலை ஏழரைக்கு மகளின் போன். விமானம் 11.45க்குத் தள்ளிப்போய்விட்டது. கோலாலம்பூரில் இருந்து வந்து திரும்பவேண்டிய விமானமே அங்கே தாமதமாகத்தான் கிளம்பியிருந்தது. வரவேண்டிய விமானம் எங்கே இருக்கிறது என்று ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையில் நேரம் மாறுவதற்கு முன்பே நிலவரம் அதில் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் அவரிடம் மூன்று விஷயங்கள் கேட்டேன்.

முதலாவது, மெல்போர்ன் டிக்கெட் ஒருவழியா, இருவழியா? இருவழி. இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். இருவழி டிக்கெட்டில் போகும் பயணத்தில் ஏறாமல் விட்டால், அதாவது நோ-ஷோ ஆனால், பெரும்பாலான நிறுவனங்கள் திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடும். ஆக, அன்று இரவு விமானம் தவறினால் போவது மெல்போர்ன் போகும் டிக்கெட் மட்டும் இல்லை. மூன்று மாதம் கழித்து அவர்கள் திரும்பி வரவேண்டிய டிக்கெட்டும் சேர்ந்தே போகும்.

இரண்டாவது, தளத்தில் வாங்கிய அந்த பிஎன்ஆர் விமான நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்தில் திறக்கிறதா? தேதி மாற்றும் பொத்தான் வேலை செய்கிறதா? சில தளங்களில் வாங்கினால் மாற்றத்துக்கும் அவர்களிடமே போகச் சொல்வார்கள். இரவு எட்டு மணிக்கு அவர்களைப் பிடிப்பது கடினம். நல்லவேளை, இது திறந்தது. கட்டண விதியில், விமானம் புறப்படும் முன்பு வரை கட்டணம் செலுத்தித் தேதி மாற்றலாம் என்று இருந்தது. எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை. சிலர் பல மணி நேரம் முன்பே அந்த வாசலை மூடிவிடுகிறார்கள்.

மூன்றாவது, வெப் செக்-இன் செய்தாயிற்றா? முந்தின நாளே செய்திருந்தார், பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கவேண்டும் என்று. இதில் ஒரு சிக்கல் இருப்பது பலருக்குத் தெரியாது. செக்-இன் ஆன டிக்கெட்டை அப்படியே மாற்ற முடியாது. முதலில் செக்-இன்னை நீக்கவேண்டும், அதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் ஆள்தான் செய்யமுடியும். கடைசி நேரத்தில் அது அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். காலையிலேயே நிறுவனத்தின் அரட்டைச் சேவையில் எழுதி நீக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆனது, ஆனால் நீக்கினார்கள். அன்றைய இரவைக் காப்பாற்றியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலையிலேயே மறுநாளுக்கு மாற்றிவிடலாமா என்றும் பேசினோம். 11.45க்குக் கிளம்பினால் மலேசிய நேரம் 6.15 அளவில் இறங்குவார்கள், 8.30 வரை இரண்டே கால் மணி நேரம். வாய்ப்பு இருக்கிறது, உறுதி இல்லை. மகளுக்குக் காத்துப் பார்க்க ஆசை. சரி, அப்படியானால் ஒரு முடிவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றேன்: மலேசிய நேரம் 8.10க்கு அவர்கள் ரயிலில் ஏறியிருக்கவேண்டும். இல்லையென்றால், "இதோ வந்துவிட்டோம்" என்று அப்பா சொன்னாலும் யோசிக்காமல் மாற்றிவிடவேண்டும். இந்த நேரத்தை அமைதியாக இருக்கும்போதே குறித்துவிடவேண்டும். பெற்றவர்கள் பெட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் நிதானமாகக் கணக்குப் போட வராது.

திருச்சி கவுண்டரில் இன்னும் ஒரு தடங்கல். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை எங்கே என்று கேட்டார்கள். "நாங்க அங்க இறங்கி மாறிப் போறவங்கதானே தம்பி" என்றார் அப்பா. இமிகிரேஷன் தாண்டாமல் உள்ளேயே விமானம் மாறுகிறவர்களுக்குத்தான் அந்த விலக்கு. பெட்டி எடுக்க வெளியே வருகிறவர் நாட்டுக்குள் நுழைபவர். 2024 ஜனவரி முதல் நுழைபவர் அதை நிரப்பவேண்டும், அதுவும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள். கவுண்டர் முன்னால் நின்றபடியே மகள் மெல்போர்னில் இருந்து நிரப்பி அனுப்பினார். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியா 2023 டிசம்பரில் இருந்து 30 நாள் வரை விசா கேட்பதில்லை, 2026 இறுதி வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு சலுகை இல்லாவிட்டால் மலேசிய விசாவும் முன்பே வாங்கியிருக்கவேண்டும்.

பெட்டியின் கைப்பிடியில் ஒட்டிய டேக்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பெரிய எழுத்தில் கேயூஎல், அவ்வளவுதான். பெட்டி நேராக மெல்போர்ன் போகுமாயின் அதில் எம்இஎல் என்றும் அச்சாகியிருக்கும். கவுண்டரில் இருப்பவர் வாயால் என்ன சொன்னாலும் சரி, பெட்டி எங்கே போகும் என்பதை அந்த மூன்று எழுத்துதான் சொல்லும்.

செப்பாங்கில் மாலை

விமானம் 11.55க்குக் கிளம்பியது. ஏப்ரலில் செப்பாங் பக்கம் பிற்பகலும் மாலையும் இடிமழை வழக்கம். அன்றும் பெய்தது. விமானம் வானத்தில் வட்டமடித்துவிட்டு 6.50க்குத் தரையிறங்கியது. கதவு திறந்தது 7.05. அம்மாவுக்கு மூட்டுவலி. நீண்ட நடையை முடித்து இமிகிரேஷன் வரிசைக்கு வந்தது 7.20. வரிசையில் நின்று, விரல்ரேகை வைத்து, மெல்போர்ன் டிக்கெட்டைக் காட்டி வெளியே வந்தபோது 8.02. பெட்டிகள் அதற்குள் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. கஸ்டம்ஸ் தாண்டியது 8.11.

8.12க்கு அப்பாவின் வாட்ஸ்அப்: "வெளியே வந்தாச்சு. ரயில் எங்கே?"

மெல்போர்னில் அப்போது இரவு பத்தேகால். மகள் பேசியபடியே மாற்றினார். மறுநாள் காலை விமானத்தில் இடம் இருந்தது. 8.19க்கு உறுதி வந்தது. அதைச் சொல்ல அவர் கூப்பிட்டபோது அப்பா ரயில் நிலையம் நோக்கி நடந்துகொண்டிருந்தார், எடுக்கவில்லை. முதல் டெர்மினலின் ஐந்தாம் தளத்துக்கு அவர்கள் வந்தது 8.36. மெல்போர்ன் கவுண்டரில் ஆள் இல்லை.

ஆறு நிமிடம். இமிகிரேஷனில் வேறு வரிசையில் நின்றிருந்தால், உடனே ஒரு ரயில் கிடைத்திருந்தால், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் என்று இந்த ஆறு நிமிடத்தைச் சுற்றிப் பேசிக்கொண்டே போகலாம். சக்கர நாற்காலி விஷயம் மட்டும் உண்மையில் முக்கியம். முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் உதவியாளர் கூடவே வந்து இமிகிரேஷன் வரை வழிகாட்டியிருப்பார். மற்றபடி இடிமழை பெய்யும் மாலையில் ஆறு நிமிடம் இப்படியும் போகும், அப்படியும் போகும். பேசவேண்டியது 8.19ஐப் பற்றி. அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருந்தது செல்லுபடியாகும், செக்-இன் ஆகாத, மாற்றக்கூடிய ஒரு இருவழி டிக்கெட். 9.31க்கு அதே டிக்கெட் நோ-ஷோ ஆகியிருக்கும்.

அன்று இரவு முதல் டெர்மினலோடு பாலத்தால் இணைந்த ஹோட்டலில் தங்கினார்கள். இரண்டாவது டெர்மினல் பக்கம் இதைவிட மலிவான அறை உண்டு, ஆனால் நான்கு பெட்டியையும் இழுத்துக்கொண்டு திரும்பிப் போகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தனி டிக்கெட்டில் ஒரு நல்லதும் இருந்தது: பெட்டிகள் கூடவே இருந்தன. மாற்று உடை, அப்பாவின் சர்க்கரை மாத்திரையின் அடுத்த அட்டை எல்லாம் கைக்கெட்டின. ஒரே டிக்கெட்டில் இணைப்பு தவறும்போது பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ராத்திரியைக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யார் பொறுப்பு?

மகள் இதை விடுவதாக இல்லை. தாமதத்தால்தானே இவ்வளவும், முதல் நிறுவனம் கொடுக்கவேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இந்தியா, மலேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள். அதன் 19ஆம் பிரிவு, தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பு என்கிறது. தாமதத்துக்கு ஒரு பயணிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்டிஆர், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில். தொகையைப் பார்த்தால் பெரிதாக இருக்கும். ஆனால் அதே பிரிவு, நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தும் தவிர்க்க முடியவில்லை என்று நிறுவனம் காட்டினால் பொறுப்பு இல்லை என்றும் சொல்கிறது. இடிமழை அந்த வகையில்தான் வரும். போதாததற்கு, பிற நிறுவனத்தின் விமானத்தைப் பிடிப்பதற்கு நாங்கள் உத்தரவாதம் இல்லை என்று பயண நிபந்தனைகளில் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

பல நிறுவனங்கள் அடுத்தடுத்துச் செய்யும் பயணத்தை ஒரே பயணமாகக் கொள்வது எப்போது என்று அதே உடன்படிக்கையின் முதல் பிரிவில் இருக்கிறது: சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் அதை ஒரே பயணமாகக் கருதியிருக்கவேண்டும். ஒப்பந்தம் ஒன்றா பலவா என்பது அங்கே பொருட்டில்லை. இங்கே மகள் மட்டும்தான் அப்படிக் கருதினார். முதல் நிறுவனத்துக்கு இவர்கள் கோலாலம்பூர் போகும் இரண்டு பேர், இரண்டாவது நிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் இருந்து கிளம்பும் இரண்டு பேர்.

ஒரே தளத்தில் ஒரே பணம் கட்டினேனே என்ற வாதத்துக்கு ஐரோப்பாவில் கொஞ்சம் வலு உண்டு. பயண முகவர் பல விமானங்களை இணைத்து, ஒரே மொத்த விலையில், ஒரே டிக்கெட்டாக விற்றிருந்தால் அதை இணைப்புப் பயணமாகக் கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அது ஐரோப்பியப் பயணி உரிமைச் சட்டத்துக்குள் மட்டும். இங்கே டிக்கெட்டும் இரண்டு, சட்டமும் வேறு. நம் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதியையே அளவுகோலாக வைத்துப் பார்த்தாலும் பயன் இல்லை. இணைப்பு தவறியதற்கான இழப்பீட்டை அது ஒரே டிக்கெட் எண்ணில் போட்ட பயணங்களுக்குத்தான் பேசுகிறது. இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணத்தில் தாமதம் மூன்று மணி நேரத்தைத் தாண்டினால்தான் சாப்பாடே.

காப்பீட்டையும் முயன்று பார்த்தார். பாலிசியில் தவறிய இணைப்புக்கு ஈடு இருந்தது. ஆனால் இணைப்பு என்றால் ஒரே டிக்கெட்டில் உள்ள விமானங்கள் என்று அதற்குள்ளேயே வரையறை. முதல் நிறுவனத்திடம் தாமதச் சான்று வாங்கி அனுப்பியும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காப்பீடு எடுக்கும்போது தலைப்பை விட்டுவிட்டு இந்த வரையறையைத்தான் தேடிப் படிக்கவேண்டும். தனித்தனி டிக்கெட்டையும் ஏற்கும் பாலிசிகள் உண்டு, கேட்டு வாங்கவேண்டும்.

பணக் கணக்கு

திருச்சியில் இருந்து மெல்போர்னுக்கு ஒரே டிக்கெட்டில் போக வழி இல்லாமல் இல்லை. ஸ்கூட்டில் சிங்கப்பூர் வழியாக, ஸ்ரீலங்கனில் கொழும்பு வழியாகப் போகலாம். ஏர் ஏசியாவில் ஒரே முன்பதிவில் கோலாலம்பூரில் மாறினால் பெட்டியும் கூடவே மாறும். மகள் ஒப்பிட்ட நாளில் ஒரே டிக்கெட்டுக்குத் தலைக்குச் சுமார் ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதல், இருவருக்கும் பதினெட்டாயிரம். அதை மிச்சப்படுத்தத்தான் பிரித்துப் போட்டார். தேதி மாற்றும் கட்டணம், கட்டண வித்தியாசம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் இரண்டு பேருக்கும் கடைசி நேர விலையில் புது இருவழி டிக்கெட், அதுவும் பள்ளி விடுமுறை ஒட்டிய வாரத்தில்.

பிரித்துப் போடவே கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இளைஞர், கைப்பை மட்டும், வேலையில் ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். மிச்சமாகும் பணத்தை லாபம் என்று எண்ணாமல், ஒரு இரவுக்கும் ஒரு தேதி மாற்றத்துக்கும் எடுத்துவைத்த தொகை என்று எண்ணினால் சரி. முதல் முறை பறக்கும் வயதானவர்களுக்கு, நான்கு பெட்டியோடு, இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரே மாலையில் இதைச் செய்யச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

நாட்டையும் பார்க்கவேண்டும். இதே திட்டம் சிங்கப்பூரில் என்றால், பெட்டி எடுக்க வெளியே வர இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டு விசா கையில் இருப்பவருக்கு 96 மணி நேரம் வரை விலக்கு உண்டு, அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. லண்டனில் இமிகிரேஷன் தாண்டிப் பெட்டி எடுக்க நம்மவர்களுக்குப் பொதுவாக விசா தேவை. அது இல்லாமல் தனித்தனி டிக்கெட்டில் போனால், முதல் விமானத்துக்கான கவுண்டரிலேயே ஏற்ற மறுக்கக்கூடும்.

திரும்பும் பயணத்தை மறுவாரமே சரிசெய்துவிட்டோம். மெல்போர்ன்–கோலாலம்பூர் டிக்கெட்டைத் தொடவில்லை. கோலாலம்பூர்–திருச்சி டிக்கெட்டை மறுநாள் காலைக்கு மாற்றினோம், கட்டணம் சிறிதுதான். நடுவில் ஒரு இரவு, இந்த முறை இரண்டாவது டெர்மினலை ஒட்டிய அறை, ஏனென்றால் திருச்சி விமானம் அங்கிருந்துதான். அம்மாவுக்கு இரண்டு விமானத்திலும் சக்கர நாற்காலி பதிவாகியிருக்கிறது. வருகை அட்டையை நிரப்ப மகள் தன் போனில் நினைவூட்டல் போட்டுவிட்டார், இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாக.